வாய்க்குப் பொருந்தாத பல்

அத்தியாயம் ஒன்பது

“நல்லாத் தெறப்பா. கோயில் கதவா இது, நேரம் பார்த்துத் தெறக்க?”

சித்தூர் ஜெயிலின் பார்வையாளர் அறையில் நாகபூஷணம் இப்படிச் சொன்னதும் காவலுக்கு நின்ற வார்டர்கூடச் சிரித்துவிட்டான். சுரேஷ்பாபு சிரிக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கீழ்வரிசையில், வலது கடைவாயில், ஒரு பல் மட்டும் பாதி உயரத்துக்கு ராவப்பட்டு மொட்டையாக இருந்தது. அந்த மொட்டைப் பல்தான் அவனைக் கொலைகாரன் ஆக்கியிருந்தது.

விஷயம் இதுதான். நகரியில் விசைத்தறி ஷெட் வைத்திருந்த திருவேங்கடம், பாவு நூல் அறுந்துபோன கோபத்தில், தறி ஓட்டிக்கொண்டிருந்த சுரேஷ்பாபுவை ஷெட்டே பார்க்க அறைந்தார். பல் உடைந்தது. வேலையும் போனது. அது செப்டம்பர் மாதம். நவம்பர் முதல் வாரத்தில் அதே ஷெட்டில் திருவேங்கடம் தறியின் இரும்புச் சட்டத்தில் மண்டை மோதிச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் தரையில் ஒரு பல் கேப். உள்ளே உலோகம், மேலே பீங்கான் பூச்சு.

உடைந்த பல்லை ராவி நகரி க்ளினிக் ஒன்று அளவெடுத்து அனுப்ப, கேப்பைச் செய்தது திருப்பதியில் ஒரு லேப். அங்கே சுரேஷ்பாபுவின் பல் அச்சு பிளாஸ்டரில் பத்திரமாக இருந்தது. போலீஸ் கேப்பை அதன்மேல் வைத்துப் பார்த்தது. கச்சிதமாக உட்கார்ந்தது. ஆளின் வாயிலோ கேப் இல்லை. க்ளினிக் ரிஜிஸ்டரில் ‘கேப் பொருத்தியாயிற்று’ என்று எழுதியிருந்தது. கைகலப்பில் வாயிலிருந்து தெறித்தது என்று எழுதி, ஆளை உள்ளே வைத்து, இன்றோடு நாற்பத்து மூன்று நாள். வெள்ளிக்கிழமை குற்றப்பத்திரிகை தாக்கலாகிறது. அதற்கப்புறம் அவனை வெளியே எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இன்று செவ்வாய்.

“அந்த கேப்பை நீ ஒருநாளாவது போட்டுக்கினு இருந்தியா?” என்று கேட்டாள் தேவசேனா. சப்-இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். கேள்வி கேட்கும்போது குரல் மட்டும் இன்னும் ஸ்டேஷனிலேயே இருந்தது.

“இல்ல மேடம். டாக்டரு வெச்சு அமுக்கினாரு, உள்ள போவல. பஞ்சு வெச்சுக் கடின்னாரு. கடிச்சேன், உசுரே போய்டுச்சு. அடுத்த வாரம் வா, வேற அளவு எடுக்கலாம்னாரு. நான் போவல. கேப்பை ஜோபில போட்டுக்கினு வந்துட்டேன்.”

“வந்து?”

“வீட்ல, வள்ளிகிட்ட குடுத்தேன். கண்ணு வலின்னா வெள்ளியில கண்ணு செஞ்சு உண்டியில போடறாங்க இல்ல, அந்த மாரி. பல்லு வலி போவணும்னு இந்தப் பல்லையே போடறேன்னா. மஞ்சத் துணியில முடிஞ்சு எடுத்துக்கினு மலைக்குப் போனா. அவ கையாலயே உண்டியில போட்டுட்டு வந்தா.”

“பெருமாளுக்கு வராத நகை கிடையாது,” என்றான் நாகபூஷணம். “பல்லு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.”

“சத்தியம் சார். லட்டுகூட கொணாந்தா. நானும் பொண்ணும் துன்னோம். அவ துன்னல. விரதம்னா.”

“மலைக்குப் போயிட்டு வந்து லட்டு துன்னாத பொம்பளைய இப்பத்தான் கேள்விப்படறேன். எங்க வீட்ல எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சுத் துன்றாங்க.”

தேவசேனாவின் உதவியாளனான நாகபூஷணம் அதற்கு முன் கோர்ட்டில் பதினெட்டு வருஷம் டவாலியாக இருந்தவன். அங்கே வாயைத் திறந்தால் கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிட மட்டும்தான் அனுமதி. அந்தப் பாக்கியை எல்லாம் இப்போது தேவசேனாவிடம் தீர்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் மனைவி சொல்வாள். தேவசேனா அவனைக் கவனிக்கவில்லை. நோட்டில் ஒரு வரி எழுதி மூடினாள்.

“மேடம்,” என்றான் சுரேஷ்பாபு, கம்பியைப் பிடித்துக்கொண்டு. “எம் பொண்ணை இஸ்கூல்ல பக்கத்துல உக்கார வெச்சுக்க மாட்டேன்றாங்களாம். நான் அவரைத் தொடக்கூட இல்ல மேடம். அடி வாங்கினதோட சரி.”

நாகபூஷணம் வெளியே வந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டான். கோர்ட்டில் அனுமதி வாங்கி, அன்று காலை ஜெயிலுக்கு வந்த பல் டாக்டர் ஒருவரைக் கொண்டு அந்த மொட்டைப் பல்லைப் புதிதாக அச்செடுத்து, கையோடு பிளாஸ்டர் ஊற்றி வைத்திருந்தார்கள். பஞ்சுக்கு நடுவில் அந்தப் பல் பத்திரமாக இருந்தது.

“சோறு கொண்டுபோற டப்பா மேடம் இது. இனிமே இதுல எப்பிடித் துன்றது?”

“பல்லு தேச்சுட்டுத் துன்னு. நட.”

பஸ்ஸில் வள்ளி முன் சீட்டில் உட்கார்ந்து திருப்பதிவரை வந்தாள். சுரேஷ்பாபுவின் மனைவி. கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திலிருந்து நகரிக்கு வாழ்க்கைப்பட்டவள். முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தாள். இந்த வழக்கில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கேப் உண்டியலில் இருக்கிறது, ஆகவே போலீஸ் வைத்திருப்பது வேறு எவனுடைய கேப்போ. நாற்பத்து மூன்று நாளாக ஜெயிலுக்கு வெளியே அதைக் கேட்டு நம்பிய ஒரே ஆள் அவள் தம்பி கிரண்குமார்.

அவன் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு காத்திருந்தான். திருச்சானூருக்கும் ஊருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இருபத்தாறு வயது. சித்தூரில் தேவசேனாவின் போர்டைப் பார்த்து அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவனே அவன்தான். வாராவாரம் ஜெயிலுக்கு வாழைப்பழமும் பிஸ்கெட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் அவன்தான். நாகபூஷணத்துக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. இந்தக் காலத்தில் மச்சானுக்காகச் சவாரியை விட்டு அலைகிறவன் எங்கே கிடைக்கிறான்?

“கேப்பு சேரலைன்னு ஆச்சுன்னா மாமாவை உட்டுடுவாங்களா மேடம்?” என்று கேட்டான் கிளம்பும்போது. அதையே ரயில்வே கேட்டில் நின்றபோது கேட்டான். லேப் வாசலில் இறக்கிவிட்டபோது மறுபடியும் கேட்டான்.

“நீ நல்ல மச்சான்டா,” என்று அவன் தோளில் தட்டினான் நாகபூஷணம்.

லேப் என்பது லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ராவும் மெஷின் சத்தம். மேஜை, நாற்காலி, காலண்டர் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள். அதன் சொந்தக்காரி பிரேமலதா மூக்குவரை துணி கட்டிக்கொண்டிருந்தாள். நகரியிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் சுமித்ரா ஏற்கெனவே சலிப்போடு உட்கார்ந்திருந்தாள். கேப்பை ரசாயனப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிற வழியில், பழைய சிநேகிதத்துக்காக தேவசேனாவுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தாள். கான்ஸ்டபிள் கீழே ஜீப்பில் இருந்தான்.

“பார்த்துக்க. என் கண் முன்னாடியே. அப்புறம் நான் கிளம்பணும்.”

பிரேமலதா தன் அலமாரியிலிருந்து பழைய பிளாஸ்டரை எடுத்தாள். கேப்பை இடுக்கியால் பிடித்து அதன்மேல் வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. ஓரத்தில் நகம்கூட நுழையவில்லை.

“இதைத்தான் நாங்களும் பார்த்தோம்,” என்றாள் சுமித்ரா.

நாகபூஷணம் டிபன் பாக்ஸைத் திறந்தான். “இன்னிக்கு ஸ்பெஷல் மேடம். சூடா இருக்கு.”

பிரேமலதா புதிய பிளாஸ்டர்மேல் கேப்பை வைத்தாள். பாதியில் நின்றது. அழுத்தினாள். ஆடியது, இறங்கவில்லை. கீழே தீக்குச்சி நுழைகிற சந்து.

சுமித்ரா சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். “ஒரே ஆள். ஒரே பல். அதெப்படி?”

பிரேமலதா மூக்குத்துணியை இறக்கினாள். இப்படி ஒருவர் கேட்க வேண்டுமென்று ரொம்ப நாளாகக் காத்திருந்த கோபம் அவள் முகத்தில் தெரிந்தது.

“அளவு எடுக்கிற மாவு ஈரமா இருக்கும்போதே பிளாஸ்டர் ஊத்தணும் மேடம். அந்த நகரி க்ளினிக்காரங்க ஊத்த மாட்டாங்க. ஈரப்பஞ்சு சுத்தி, கவர்ல போட்டு, பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்புவாங்க. ரெண்டு மணி நேரத்துல வந்துடும், ஒண்ணும் ஆவாது. இது வந்த தேதியப் பாருங்க.” நோட்டை நீட்டினாள். “மலையில கருட சேவை அன்னிக்கு அனுப்பியிருக்காங்க. வெளியூர் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. என் கைக்கு மறுநாள் மத்தியானம் வந்துச்சு, வத்தலாட்டம் காஞ்சு. வேற அளவு அனுப்புங்கன்னு போன் பண்ணேன். பரவால்ல, செய்யின்னாங்க. சுருங்கின அச்சுல சுருங்கின பல்லு. அதுக்கு அளவா கேப் செஞ்சேன். என் பிளாஸ்டருக்கு சேராம எங்க போவும்? அவர் வாய்க்குத்தான் சேராது.”

தையல்காரன் பொம்மைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சட்டை ஆளுக்குச் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்த கதைதான். அந்த ஒரு எழுத்துக்கு ஒருவன் நாற்பத்து மூன்று நாள் களி தின்றிருக்கிறான்.

“கொஞ்சம் அழுத்திப் போட்டா போகாதா?” என்றாள் சுமித்ரா, விட மனமில்லாமல்.

“தங்கக் கேப்புன்னா மெத்துன்னு இருக்கும், ஓரத்தைத் தேச்சுக் கொஞ்சம் படிய வெக்கலாம். ஜிர்கோனியான்னா வாயையே கேமராவில படம் புடிச்சு அனுப்பறாங்க, மெஷின் கடைஞ்சு குடுக்கும், மாவு காயற பேச்சே கிடையாது. இது உருக்கி ஊத்தின கெட்டி மெட்டல். சின்னதாப் போனா போனதுதான். மயிரிழைகூட வளைஞ்சு குடுக்காது.”

“இந்த கேப்பை உங்க டிபார்ட்மெண்டுல சேர்த்துக்கலாம் மேடம்,” என்றான் நாகபூஷணம் சுமித்ராவிடம்.

“இன்னொண்ணு,” என்று பிரேமலதா கேப்பைக் கவிழ்த்துக் காட்டினாள். “ஒட்டின கேப் தெறிச்சு விழுந்தா உள்ள சிமெண்ட் இருக்கும். இதுல பொட்டு சிமெண்ட் இல்ல. யார் வாயிலயும் இது ஒருநாளும் ஒட்டினதில்ல. பொருத்தியாச்சுன்னு அவங்க எழுதி வெச்சிருக்கிறது, அவங்க தப்பு வெளிய தெரியக் கூடாதுன்னு.”

வள்ளி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கதவோரம் நின்ற கிரண்குமார் ஓடிவந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். “நான் சொன்னேன்ல அக்கா? மாமா வந்துடுவாருக்கா! வந்துடுவாரு!”

“இரு,” என்றாள் சுமித்ரா. “வாயில இல்லைன்னா ஜோபில இருந்திருக்கும். செத்தவன் பக்கத்துல விழுந்தது அவனுக்காகச் செஞ்ச கேப்தானே? அது மாறலையே.”

“அதான் உண்டியில போட்டாச்சு மேடம்!” என்றாள் வள்ளி.

“அப்போ பெருமாள் திருப்பி அனுப்பினாராம்மா?”

தேவசேனா கேப்பின் உட்புறத்தை பிரேமலதாவின் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். “சுமித்ரா, உள்ளே ஓரத்துல ஒரு நூல் சிக்கியிருக்கு. மஞ்சள் நூல்.”

“பார்த்தோம். தறி ஷெட்டுல நூல் இல்லாம வேற என்ன இருக்கும்?”

“அதேதான் எல்லாரும் நெனச்சீங்க. நுனியை மட்டும் வெட்டிக்கறேன், மீதி உன்கிட்டயே இருக்கட்டும்.” சுமித்ரா தலையசைத்ததும் வெட்டி ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள். நாகபூஷணத்திடம் கையை நீட்டினாள். “சுண்ணாம்பு குடு.”

“மேடம், வெத்தலையா? நீங்களா?”

“குடுய்யா.”

வெற்றிலைப் பையிலிருந்து டப்பியை எடுத்துக் கொடுத்தான். தேவசேனா ஈரச் சுண்ணாம்பை விரல்நுனியில் எடுத்து அந்த நூல்மேல் தொட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மஞ்சள் நூல் சிவந்தது. நன்றாகவே சிவந்தது.

“தறி நூல் சாயம் சுண்ணாம்புக்கு இப்படிச் சிவக்காது. மஞ்சள்தான் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற ஒவ்வொரு வீட்லயும் தெரிஞ்ச விஷயம். இது நேர்த்திக்கடன் முடிஞ்ச துணியோட நூல். கேப் அந்த முடிப்புக்குள்ளதான் இருந்திருக்கு. உண்டியில விழுந்தது திரும்பி வராது. அப்போ முடிப்பு மலைக்கே போகலை.”

எல்லோரும் வள்ளியைப் பார்த்தார்கள். அவள் அழுகை நின்றிருந்தது.

தேவசேனா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குரலில் இப்போது ஸ்டேஷன் இல்லை. “வள்ளி, அன்னிக்கு ஏன் நீ லட்டு துன்னல?”

“வெரதம் மேடம்.”

“லட்டு வேண்டாம்னு சொல்ற விரதம் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். மாசாமாசம் வர்றது. நீ மலை ஏறவே இல்ல. சரியா?”

நாகபூஷணம் நாக்கைக் கடித்துக்கொண்டான். காலையில் அந்த லட்டை வைத்து ஜோக் அடித்தவன் அவன். மூன்று பெண்கள் இருக்கும் வீட்டில் குடியிருந்தும் அது அவனுக்கு உறைக்கவில்லை.

வள்ளி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “திருச்சானூர்ல வந்து எறங்கினேன். அங்கயே தூரமாயிட்டேன் மேடம். மலைக்குன்னு எடுத்துக்கினு வந்த முடிப்பை வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கினு போவக் கூடாது. அதால குடுத்தனுப்பி, லட்டு வர்ற வரைக்கும் அங்கயே காத்துக்கினு இருந்தேன். வேண்டுதலை இன்னொருத்தர் கையில குடுத்தேன்னு அவருகிட்ட சொல்ல வாய் வரல. என் கையாலயே போட்டேன்னுட்டேன். அப்பறம் போலீஸ் வந்துச்சு. அப்பவும் அதையே சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட குடுத்தே?”

வள்ளி பக்கத்தில் நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள். தோளைத் தாங்கியிருந்த கை மெல்ல விலகியது.

கிரண்குமார் ஓடவில்லை. ஓடியிருந்தால்கூட நாகபூஷணம் அவனை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டான்.

“அன்னிக்கு மலையில கூட்டம்க்கா. சனிக்கிழமை போடலாம்னு ஜோபிலயே வெச்சினு இருந்தேன்.”

“லட்டு?” என்றாள் வள்ளி.

“சவாரி வந்தவரு ஒருத்தரு குடுத்தாரு.”

சுமித்ரா எழுந்து கதவைச் சாத்தினாள். அவன் யாரும் கேட்காமலே பேசிக்கொண்டு போனான். “நான் சண்டைக்குப் போவலக்கா. மாமாவைத் திரும்பி வேலைக்கு வெச்சுக்கங்கன்னு கெஞ்சத்தான் போனேன். ‘உங்கக்காவை அனுப்பு, பேசிக்கறேன்’னான். சட்டையைப் புடிச்சான், நானும் புடிச்சேன். தள்ளினேன். அவ்ளோதான். எந்திரிச்சிடுவான்னு பார்த்தேன். எந்திரிக்கல. முடிப்பு அவுந்து கேப்பு உழுந்ததே எனக்குத் தெரியாது. துணி மட்டும்தான் ஜோபில இருந்துச்சு.”

“மாமாவை வந்து புடிச்சுக்கினு போனாங்களே, அப்ப நீ எங்கடா இருந்த?”

“உன் பக்கத்துலதான்க்கா இருந்தேன்.”

அறையில் யாரோ நிறுத்த மறந்த மெஷின் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பிரேமலதா போய் நிறுத்தினாள்.

“தப்பு செய்யாதவரு, தானா உட்டுடுவாங்கன்னு நெனச்சேன்க்கா. உடல. அதான் மேடம்கிட்ட கூட்டினு வந்தேன். கேப்பு அவருது இல்லைன்னு ஆயிட்டா அவரும் வந்துடுவாரு, நானும்…”

அக்காவின் மானத்துக்காகச் சட்டையைப் பிடித்தவன், அதே அக்காவின் புருஷனுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்க் கம்பி வழியாக நீட்டியிருக்கிறான். ஆறு வாரம். அவன் கையால் வாங்கித் தின்றவன், ‘நல்ல மச்சான்’ என்று நினைத்திருப்பான். சற்று முன் தானும் அதையே சொல்லித் தோளில் தட்டியதை நினைத்தபோது, நாகபூஷணத்துக்கு அந்தக் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

சுமித்ரா, தேவசேனாவைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆனால் அந்த அறையில் தனி என்று இடமே இல்லை. “போலீஸ்கிட்ட இவன் சொன்னது கோர்ட்டுல நிக்காது, உனக்கே தெரியும். நாளைக்கு வக்கீல் வெச்சு இல்லவே இல்லைன்னுடுவான். நூல் முடிப்போடதுன்னுதான் சொல்லும், யார் ஜோபில இருந்துச்சுன்னு சொல்லாது. முடிப்பை யார் கையில குடுத்தேன்னு இந்தம்மா எழுதிக் குடுத்தாத்தான் சுரேஷ்பாபு வெளிய வருவான்.”

கிரண்குமார் அதைக் கேட்டுவிட்டான். வள்ளியின் காலடியில் உட்கார்ந்தான்.

“அக்கா, நீ ஷெட்டுக்கு மாமாவோட கூலிப் பாக்கி கேக்கப் போனப்ப அங்க தொலைச்சுட்டேன்னு சொல்லிடுக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆவாது. நைனாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாருக்கா.”

வள்ளி தேவசேனாவைப் பார்த்தாள். அது கேள்வி என்று எல்லோருக்கும் புரிந்தது.

“சொல்லலாம்மா,” என்றாள் தேவசேனா. “நான் தடுக்க மாட்டேன். ஆனா அதை யாரும் நம்ப மாட்டாங்க. வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரர் பேர்லயே குற்றப்பத்திரிகை போவும்.”

நிறைய வழக்கு முடிவதை நாகபூஷணம் பார்த்திருக்கிறான். ஜெயித்தவர்கள் ஒரு பக்கம் அழுவார்கள், தோற்றவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் ஒரே பெண் உட்கார்ந்திருப்பதை இன்றுதான் பார்த்தான். தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் தொடவில்லை.

“எழுதிக்கச் சொல்லுங்க,” என்றாள் வள்ளி.

சுமித்ரா ஜன்னல் வழியாகக் கூப்பிட, ஜீப்பிலிருந்த கான்ஸ்டபிள் அட்டையும் காகிதமுமாக மாடிக்கு வந்தான். இங்கே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்திருந்தவனைச் சுற்றிக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பேனாவை உதறிக்கொண்டு தெலுங்கில் ஆரம்பித்தான்.

“பேரு?”

“வள்ளி.”

“தண்ட்ரி பேரு?”

“நாகையா.”

முடிப்பை என்றைக்கு, எங்கே கொடுத்தாள் என்று கேட்டான். சொன்னாள். யாரிடம் என்று கேட்டான்.

“கிரண்குமார்.”

“அதனி தண்ட்ரி பேரு?”

“நாகையா.”

கான்ஸ்டபிள் எழுதாமல் நிமிர்ந்தான். இந்த எல்லை ஊர்க்காரிக்குத் தெலுங்கு சரியாகப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிதானமாகக் கேட்டான்.

“உங்க அப்பா பேரு இல்லம்மா. அவனோட அப்பா பேரு கேக்கறேன்.”

“அதான் சார் சொல்றேன்,” என்றாள் வள்ளி. “நாகையா.”